உங்கள் மகள் ‘மாட்டேன்’ என்று சொல்லியிருக்கிறாள்

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. எட்டாம் வகுப்பு படிக்கிறாள். வீட்டுப்பாடம், அறிவிப்பு எல்லாம் பள்ளியின் வாட்ஸ்அப் குரூப்பில்தான் வரும் என்பதால் பழைய போன் ஒன்றை அவளிடம் கொடுத்திருந்தோம். நன்றாகப் படம் வரைவாள். எங்களுக்குத் தெரியாமல் இன்ஸ்டாகிராமில் கணக்கு தொடங்கி, வரைந்ததையெல்லாம் அதில் போட்டு வந்திருக்கிறாள். பத்தாம் வகுப்புப் பையன் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் அவளிடம் பேச ஆரம்பித்திருக்கிறான். அவன் கேட்டதால் மூன்று போட்டோ அனுப்பியிருக்கிறாள். மூன்றும் சாதாரணப் படங்கள், ஒன்று பள்ளிச் சீருடையில். அப்புறம் வேறு மாதிரிப் படம் கேட்டிருக்கிறான். மாட்டேன் என்றதும், சீருடைப் படத்தை மோசமாக மாற்றிப் பள்ளி குரூப்பில் போடுவேன் என்று மிரட்டியிருக்கிறான். ராத்திரி போர்வைக்குள் அழுதுகொண்டிருந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. என் கணவர் லாரி ஓட்டுகிறார். லோடு இறக்கிவிட்டு வந்தவர் விஷயத்தைக் கேட்டதும் போனைத் தரையில் அடித்து உடைத்துவிட்டார். “பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குப் போன், படிச்சது போதும்” என்கிறார் மாமியார். மகள் யாரிடமும் பேசுவதில்லை, சரியாகச் சாப்பிடுவதில்லை. போலீசுக்குப் போனால் பெயர் கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை போனே தரக்கூடாது என்று நினைக்கிறேன். அது சரியா? 9 வயதில் மகனும் இருக்கிறான். இவர்களை எப்படித்தான் பழக்குவது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நாமக்கல் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

‘மாட்டேன் என்றதும்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் இன்னும் யாரும் கவனிக்காத விஷயம் அதுதான். இனிக்க இனிக்கப் பேசி நம்ப வைத்த ஒருவன் படம் கேட்கிறான். 13 வயதுக் குழந்தை, பக்கத்தில் யோசனை கேட்க ஒருவரும் இல்லாமல், மறுத்திருக்கிறாள். மிரட்டிய பிறகும் அனுப்பவில்லை. பெரியவர்களே தடுமாறிப்போகிற இடம் அது. ஆனால் அவள் கண்ணுக்குத் தெரிவது என்ன? போன் உடைந்துவிட்டது, பள்ளிக்கூடமும் போய்விடும் போலிருக்கிறது, பாட்டி ஜாடை பேசுகிறார். தான் செய்த எல்லாமே தப்பு என்றுதான் அவள் புரிந்துகொள்வாள். சாப்பாடு இறங்காததற்கு அவன் மட்டும் காரணம் இல்லை.

ஆகவே மற்ற எதற்கும் முன்னால், இன்றைக்கே, அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள்: “கண்ணு, அவன் கேட்டப்போ நீ மாட்டேன்னு சொன்னே பாரு, அது பெரிய தைரியம். தப்புப் பண்ணுனது அவன். இனி இதை அம்மா பாத்துக்கறேன்.” இதற்கு மேல் எதுவும் வேண்டாம். ‘ஆனாலும் நீ எங்களுக்குத் தெரியாம…’ என்று தொடங்கும் வாக்கியத்தை இப்போது சேர்க்காதீர்கள். கணக்கைப் பற்றிப் பேச வேண்டியதுதான், அதற்குப் பிறகு நேரம் இருக்கிறது. முதல் வாக்கியத்தோடு இதையும் சேர்த்துச் சொன்னால் அவள் காதில் இரண்டாவது மட்டும்தான் விழும்.

அடுத்தது அவனை என்ன செய்வது என்பது. இப்படி மிரட்டுகிறவர்கள் எல்லோரும் ஒரே ஒரு நம்பிக்கையில்தான் மிரட்டுகிறார்கள்: குழந்தை வீட்டில் சொல்லாது. உங்களுக்குத் தெரிந்துவிட்ட அந்த ராத்திரியே அவனுடைய பலத்தில் பெரும்பகுதி போய்விட்டது. அவனுக்கு அது தெரிய வேண்டியதில்லை. மகள் பெயரில் நீங்களோ கணவரோ பதில் போடாதீர்கள். திட்டவும் வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம்.

போன் உடைந்தாலும் கணக்கு அழியாது. மகளையும் உட்கார வைத்துக்கொண்டு உங்கள் போனில் அந்தக் கணக்கைத் திறங்கள். பாஸ்வேர்ட் மறந்திருந்தால், கணக்கு தொடங்கும்போது கொடுத்த நம்பருக்கோ மெயிலுக்கோ வரும் குறியீட்டை வைத்துத் திறக்கலாம். அதனால் உடைந்த போனிலிருந்து சிம்மை எடுத்து வையுங்கள், போனையும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். அவனுடைய புரொஃபைல் பக்கம், அதில் மேலே இருக்கும் பயனர் பெயர், உரையாடல் முழுவதும், குறிப்பாக மிரட்டிய செய்திகள், எல்லாவற்றையும் தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். புரொஃபைலின் லிங்க்கையும் காப்பி செய்து வையுங்கள், ஏனென்றால் பெயரை நிமிஷத்தில் மாற்றிக்கொண்டுவிடுவார்கள். இதெல்லாம் முடிந்த பிறகுதான் ரிப்போர்ட், அதற்குப் பிறகு பிளாக். பதற்றத்தில் முதலில் உரையாடலை அழித்துவிடுவதுதான் எங்கும் நடக்கிறது. அழித்த பிறகு புகாருக்குக் கையில் ஒன்றும் இருப்பதில்லை.

போலீஸ் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பயம் புரிகிறது, ஆனால் சட்டம் உங்கள் மகள் பக்கம்தான் நிற்கிறது. குழந்தையின் படத்தை, உண்மைப் படமோ ஜோடித்த படமோ, ஆபாசமாகப் பயன்படுத்துவேன் என்று மிரட்டுவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி பாலியல் துன்புறுத்தல், மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. அதே சட்டத்தின் 24ஆவது பிரிவைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோதான் பதிவு செய்ய வேண்டும். கூடுமானவரை சப்-இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாத பெண் அதிகாரி பதிவு செய்ய வேண்டும், அப்போது அவர் சீருடையில் இருக்கக் கூடாது. குழந்தையின் பெயர், படம், பள்ளி, குடும்ப விவரம் எதையும் ஊடகங்கள் வெளியிடுவது குற்றம். தெருவில் ஜீப் வந்து நிற்கும் என்று உங்கள் மாமியார் கற்பனை செய்துகொண்டு பயப்பட வேண்டியதில்லை.

முதலில் 1098க்கு அழையுங்கள். குழந்தைகள் உதவி எண் அது. இரவிலும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியாக உங்களோடு துணைக்கு ஆள் வருவார். வீட்டிலிருந்தபடியே புகார் பதிய மத்திய அரசின் சைபர் குற்றத் தளம் இருக்கிறது, சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன். அதில் பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களுக்குத் தனிப் பகுதி உண்டு. 1930 என்ற எண்ணும் கேள்விப்பட்டிருப்பீர்கள், அது முக்கியமாகப் பண மோசடிக்கு. அவன் சொன்னபடி மாற்றிய படம் எங்காவது வந்துவிட்டால் ‘டேக் இட் டவுன்’ என்றொரு இலவச சேவை இருக்கிறது. அமெரிக்காவில் காணாமற்போன, சுரண்டலுக்கு ஆளான குழந்தைகளுக்கான மையம் நடத்துவது. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டாம். உங்கள் போனிலேயே அந்தப் படத்துக்கு ஒரு எண் அடையாளம் உருவாகும். அந்த அடையாளம் மட்டும்தான் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்ற நிறுவனங்களுக்குப் போகும். அதை வைத்து அவர்கள் படத்தைத் தேடி நீக்குவார்கள். பெயர் கொடுக்கவும் அவசியமில்லை.

பள்ளி குரூப் என்று அவன் சொல்லியிருப்பதால், நம்பகமான ஒரு ஆசிரியையிடமோ தலைமையாசிரியரிடமோ மட்டும் நேரில் போய்ச் சொல்லிவையுங்கள். ஏதாவது வந்தால் உடனே நீக்கவும் பிள்ளைகள் பரப்பாமல் தடுக்கவும் ஒருவருக்காவது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

உங்கள் கணவரைப் பற்றி. அவர் போனை உடைத்தது கோபத்தில் என்று தோன்றும், எனக்கு அதில் பயம்தான் அதிகம் தெரிகிறது. மாதத்தில் பாதி நாள் நெடுஞ்சாலையில் இருக்கும் மனிதர், தான் இல்லாத நேரத்தில் வீட்டுக்குள் ஒருவன் நுழைந்துவிட்டான் என்று துடித்திருக்கிறார். அவரிடம் இதைப் பரிவோடு சொல்லுங்கள். ஆனால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அவள் தன்னந்தனியாக அழுததற்குக் காரணம், சொன்னால் அப்பா என்ன செய்வாரோ என்ற நினைப்பு. அவள் நினைத்தபடியே நடந்தும்விட்டது. அடுத்த முறை ஒரு ஆபத்து வந்தால் அவள் யோசிக்கப்போவது தரையில் சிதறிய அந்தப் போனைத்தான். “சாமி, உன் மேல எனக்குக் கோபமில்ல. அவன் மேல வந்த கோபத்துல போன ஒடச்சுட்டேன்” என்று அவர் வாயால் ஒருமுறை கேட்டுவிட்டால் போதும், அந்தப் பிள்ளை பாதி தேறிவிடுவாள். அப்பாக்கள் இதைச் சொல்லத் தயங்குவார்கள். நேரில் முடியாவிட்டால் லோடு ஏற்றக் காத்திருக்கும் நேரத்தில் போனிலாவது சொல்லச் சொல்லுங்கள்.

படிப்பை நிறுத்தும் பேச்சை மட்டும் தயவுசெய்து ஒரு நாள்கூட வீட்டில் நீடிக்க விடாதீர்கள். யாரோ ஒருவன் செய்த குற்றத்துக்கு உங்கள் மகளுக்குத் தண்டனை கொடுப்பது அது. மாமியாரிடம் மரியாதையாக, ஆனால் முடிவாகச் சொல்லிவிடுங்கள்.

சரி, பன்னிரண்டாம் வகுப்பு வரை போனே தரக்கூடாதா என்று கேட்டிருந்தீர்கள். தன் கைக்கென்று தனிப் போன் சில காலம் வேண்டாம் என்றால் நான் ஒப்புக்கொள்வேன். சமூக ஊடகம் 16 வயதுக்குப் பிறகு போதும் என்று ஒரு குடும்பம் தீர்மானித்தால் அதையும் தவறென்று சொல்ல மாட்டேன். ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் அதுவே சட்டம். அங்கேயும் பொறுப்பு நிறுவனங்கள் மேல்தான், மீறிக் கணக்கு வைத்திருக்கும் குழந்தைக்கோ பெற்றோருக்கோ தண்டனை கிடையாது. ஆனால் போன் தருவதைத் தள்ளிப்போடலாம், கற்றுக்கொடுப்பதைத் தள்ளிப்போட முடியாது. பள்ளி குரூப் நாளைக்கும் இருக்கும், தோழியிடம் போன் இருக்கும், உங்கள் போன் அடுக்களை மேடையில் இருக்கும். ஐந்து வருஷம் ஒன்றும் தெரியாமல் வைத்திருந்துவிட்டு, கல்லூரி விடுதிக்குப் போகும் அன்று புதுப் போனை வாங்கிக் கையில் கொடுத்தால், இதே போல ஒருவன் வரும்போது பக்கத்து அறையில் அம்மாகூட இருக்க மாட்டாள்.

முதலில் கற்றுக்கொடுக்க வேண்டியது, அவன் எப்படி வந்தான் என்பதை. அவள் கொஞ்சம் தேறிய பிறகு, விசாரிக்கிற தொனி இல்லாமல், அந்த ஸ்கிரீன்ஷாட்களை அவளோடு உட்கார்ந்து வரிசையாகப் பாருங்கள். ஆரம்பத்தில் ஓவியத்தைப் புகழ்ந்திருப்பான். அடுத்து, ‘உன்னை உங்கள் வீட்டில் யாரும் புரிந்துகொள்வதில்லை’ என்கிற மாதிரி ஏதாவது வந்திருக்கும். அப்புறம் ‘இது நமக்குள்ளேயே இருக்கட்டும்’, ‘சாட் எல்லாம் அழித்துவிடு’, ‘வேறு ஆப்பில் பேசலாமா’. அதற்குப் பிறகு படம். கடைசியில் மிரட்டல். எந்த இடத்தில் உனக்கு ஒரு மாதிரியாக இருந்தது என்று அவளையே கேளுங்கள். விரல் வைத்துக் காட்டுவாள். பெரும்பாலான குழந்தைகளுக்கு அந்த உறுத்தல் சரியான இடத்தில்தான் வருகிறது. அதை யாரிடம் போய்ச் சொல்வது என்பதுதான் தெரிவதில்லை. ‘ரகசியமாக வை’ என்று எவன் சொன்னாலும் அதுவே அம்மாவிடம் சொல்ல வேண்டிய நேரம். இதை அவளும் தம்பியும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும் அளவுக்குப் பழக்குங்கள்.

அதோடு நீங்கள் ஒரு வாக்குக் கொடுக்க வேண்டும். ‘நீயாக வந்து என்ன சொன்னாலும் அதற்காகப் போனைப் பிடுங்க மாட்டேன், அடிக்க மாட்டேன்.’ கொடுத்தால் காப்பாற்றுங்கள். ஒருமுறை மீறினாலும் அப்புறம் எந்த ஆப்பும் எந்தக் கண்காணிப்பும் உங்களுக்கு உதவாது.

செட்டிங்ஸ் பற்றியும் சொல்ல வேண்டும். இன்ஸ்டாகிராமில் கணக்கு தொடங்கக் குறைந்தபட்ச வயது 13. உங்கள் மகள் பிறந்த வருஷத்தை மாற்றிப் போட்டிருக்கிறாளா என்று பாருங்கள். பல பிள்ளைகள் அப்படித்தான் உள்ளே நுழைகிறார்கள். அதில் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. 18 வயதுக்குக் கீழ் என்று தெரிந்தால் இன்ஸ்டாகிராம் தானாகவே பதின்வயதினருக்கான கணக்காக மாற்றிவிடும். 2024 செப்டம்பரில் அறிமுகமாகி, அடுத்த வருஷம் இந்தியாவுக்கும் வந்த ஏற்பாடு அது. கணக்கு பூட்டியே இருக்கும், தெரியாதவர்கள் மெசேஜ் அனுப்ப முடியாது, இரவு 10 முதல் காலை 7 வரை அறிவிப்புகள் ஒலிக்காது. 16 வயது ஆகாதவர்கள் இவற்றைத் தளர்த்த நினைத்தால் பெற்றோர் சம்மதிக்க வேண்டும். வயதைக் கூட்டிச் சொல்லிவிட்டால் இத்தனை பாதுகாப்பும் போய்விடும், பெரியவர்கள் உலவும் தெருவில் குழந்தை தனியாக நிற்கும். மீண்டும் ஒருநாள் கணக்கு தொடங்குவதாக இருந்தால் உண்மையான பிறந்த தேதியோடு, உங்கள் கணக்கோடு இணைத்துத் தொடங்குங்கள். அவள் யாரோடு பேசுகிறாள் என்பது உங்களுக்குத் தெரியும், என்ன பேசினாள் என்பது தெரியாது. 13 வயதுப் பெண்ணுக்கு அந்த அளவு இடைவெளி நியாயம்தான் என்பது என் கருத்து. வாட்ஸ்அப்பிலும் உங்களை யார் குரூப்பில் சேர்க்கலாம் என்பதற்கு ஒரு செட்டிங் உண்டு, அதைத் தொடர்பில் உள்ளவர்கள் மட்டும் என்று மாற்றுங்கள். வேறு யாரும் கணக்கைத் திறக்காதபடி கூடுதலாக ஒரு பின் நம்பர் கேட்கும் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனையும் போட்டுவிடுங்கள். ராத்திரி வீட்டில் எல்லாருடைய போனும், உங்களுடையதும் சேர்த்து, கூடத்தில் ஒரே இடத்தில் சார்ஜ் ஏறட்டும்.

இன்னொன்றைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். சீருடைப் படத்தை ஏன் அனுப்பினாய் என்று அவளைக் கேட்கும் முன், நம் வீட்டு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். பள்ளி ஆண்டு விழாப் படத்தில் பேட்ஜும் பள்ளிப் பெயரும் தெரியும். பிறந்தநாள் படத்தில் வயதும் தேதியும் கேக் மேலேயே எழுதியிருக்கும். நம் ஊரில் பெண் குழந்தை பெரியவளானால் சீர் வைத்து, மண்டபம் பிடித்து, முகம் பெரிதாகத் தெரிய ஃபிளெக்ஸ் வைக்கிறோம். மணமேடை மாதிரி அலங்கரித்து ஆளுயர கேமராக்களில் எடுக்கிறோம். அந்த வீடியோவைப் போட்டோகிராபர் பாட்டுச் சேர்த்துத் தன் விளம்பரத்துக்காக ரீல்ஸாகப் போட்டுவிடுகிறார். லட்சக்கணக்கான அந்நியர்கள் பார்க்கிறார்கள். அந்தக் குழந்தையிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. ‘உன் படம் உன் உரிமை, கண்டவர்களுக்கு அனுப்பாதே’ என்று நாளைக்கு நாம் சொன்னால் அவள் எப்படி நம்புவாள்? உங்கள் வீட்டில் இனி ஒரு வழக்கம் வையுங்கள்: குழந்தையின் படத்தைப் போடும் முன் அவளைக் கேட்பது. வேண்டாம் என்றால் போடாமல் இருப்பது. விசேஷத்துக்குப் போட்டோகிராபரிடம் முன்பணம் கொடுக்கும்போதே, எங்கள் அனுமதி இல்லாமல் உங்கள் பக்கத்தில் போடக்கூடாது என்று சொல்லிவிடுங்கள். இந்தப் பழக்கத்திலிருந்துதான் ‘என் படத்தை யாருக்கும் தர மாட்டேன்’ என்கிற உணர்வு அவளுக்கு இயல்பாக வரும்.

இதையே வைத்துச் சின்னப் பயிற்சி ஒன்றும் செய்யலாம். பழைய குடும்பப் படம் ஒன்றை எடுத்து, நம்மை அறியாத ஒருவர் இதைப் பார்த்தால் என்னென்ன கண்டுபிடிப்பார் என்று பிள்ளைகளைச் சொல்லச் சொல்லுங்கள். வண்டி நம்பர், தெருமுனைக் கடையின் போர்டு, டியூஷன் சென்டர் பெயர், பின்னால் மாட்டியிருக்கும் காலண்டரில் கடை பெயரும் ஊரும். பசங்க நம்மைவிட வேகமாகக் கண்டுபிடிப்பார்கள். அதற்கப்புறம் எந்தப் படத்தைப் பார்த்தாலும் பின்னால் என்ன தெரிகிறது என்று அவர்கள் கண் தானாகப் போகும்.

அவள் பிறரிடம் எப்படி நடந்துகொள்கிறாள் என்பதும் இதில் அடக்கம். வகுப்பு குரூப்களில் கூடப் படிக்கும் பிள்ளையின் முகத்தை வெட்டி ஸ்டிக்கராக்கி அனுப்பிச் சிரிப்பது சாதாரணமாகிவிட்டது. இப்போது ஏஐ ஆப்களில் முகத்தை இன்னொரு உடம்பில் ஒட்டுவதும் நடக்கிறது. குழந்தையின் படத்தை ஆபாசமாக்கி அனுப்பினால், விளையாட்டுக்குச் செய்தேன் என்பது சட்டத்தின் முன் எடுபடாது. வந்ததை ஃபார்வர்ட் செய்தாலும் மாட்டிக்கொள்வார்கள். அந்த பயத்தைவிட, ஒரு மிரட்டலில் தான் பட்ட வேதனை உங்கள் மகளுக்கு நன்றாகத் தெரியும். அவள் குரூப்பில் அப்படி ஒரு ஸ்டிக்கர் வந்தால் சிரிக்காமல் இருக்கவும், அந்தப் பிள்ளைக்குத் தனியாக ஒரு மெசேஜ் போடவும் அவளால் முடியும். அப்புறம் தோழிகள் நட்புக்கு அடையாளமாக பாஸ்வேர்டைப் பகிர்ந்துகொள்வது எட்டாம் வகுப்பில் சகஜம். சண்டை வந்த அன்றைக்கு அது என்னவாகும் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

மகனுக்கு 9 வயது என்பதால் வேலை சுலபம். அவனுக்குத் தனிக் கணக்கு கூகுள் ஃபேமிலி லிங்க் வழியாக, உங்கள் மெயிலோடு இணைத்துத் தொடங்குங்கள். புது ஆப் போடவோ கேமில் எதையாவது வாங்கவோ வேண்டும் என்றால் உங்களிடம் அனுமதி கேட்டு வரும். உங்கள் போனில் அவன் விளையாடுவதாக இருந்தால் ப்ளே ஸ்டோரில் ஒவ்வொரு வாங்குதலுக்கும் பாஸ்வேர்ட் கேட்கும்படி வையுங்கள். யூபிஐ பின் நம்பரை அவன் முன்னால் அழுத்தாதீர்கள், ‘டேய், ஜிபே போட்டு விடு’ என்று அவனிடம் போனைக் கொடுக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். கேமுக்கு இலவச டைமண்ட் தருகிறேன் என்று வரும் லிங்க் எதையும் தொடாமல் உங்களிடம் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள். காட்டினால் பாராட்டுங்கள். அக்காவை வேவு பார்க்கும் வேலையை மட்டும் அவனிடம் ஒப்படைக்க வேண்டாம்.

உங்கள் மகள் மீண்டும் வரைய ஆரம்பிக்கிறாளா என்று பாருங்கள். வரைந்ததை வீட்டுச் சுவரிலோ பள்ளிப் பலகையிலோ ஒட்ட வழி செய்யுங்கள். அவளுடைய ஓவியத்தை யாராவது பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும் என்கிற ஆசையில்தான் அவள் அந்தக் கணக்கைத் தொடங்கினாள், அதில் குற்றம் ஒன்றும் இல்லை. இரண்டு வாரம் ஆகியும் சாப்பாடும் தூக்கமும் பழைய நிலைக்கு வராவிட்டால், பள்ளிக்குப் போகவே மறுத்தால், காத்திருக்காமல் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். உயிரை விட்டுவிடலாம் என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தால் அன்றைக்கே போக வேண்டும், அதுவரை அவளைத் தனியாக விடாதீர்கள். அரசின் மனநல உதவி சேவையான டெலி-மானஸின் எண் 14416. எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. அந்த எண்ணை உங்கள் போனில் மட்டும் இல்லாமல் கணவர் போனிலும் பதிந்து வையுங்கள்.